முதல் தடவை தூர ரயில் ஏறுறீங்களா? டாய்லெட் விஷயத்தை முன்னாடியே தெரிஞ்சுக்கோங்க

நம்ம ஊர் ரயில்ல முதல் தடவை ஒரு ராத்திரிக்கு மேல போறவங்க டிக்கெட், பெர்த், சாப்பாடு, சார்ஜர் பாயிண்ட்னு எல்லாத்தையும் நாலு பேர்கிட்ட கேப்பாங்க, இதை மட்டும் யார்கிட்டயும் கேக்க மாட்டாங்க. கூச்சம். அப்புறம் என்ன, ஏறினதுலேர்ந்து தண்ணியே குடிக்காம அடக்கிக்கிட்டு உக்காந்திருப்பாங்க. எங்க சித்தி பொண்ணு ஒருத்தி டெல்லி போறப்ப இப்படித்தான் பண்ணா, போய் இறங்கினதும் ஊரைச் சுத்திப் பாக்கறதுக்கு பதிலா டாக்டர்கிட்டதான் போனா, யூரினரி இன்ஃபெக்ஷன். அவளுக்கு போன்ல சொன்னதைத்தான் இங்க கொஞ்சம் விரிவா எழுதறேன்.

முதல்ல ஒண்ணு, எல்லா ரயில்லயும் டாய்லெட் இருக்கும்னு நினைக்காதீங்க. சென்னை பீச்லேர்ந்து தாம்பரம், செங்கல்பட்டு போற புறநகர் மின்சார ரயில்ல கிடையாது, மும்பை லோக்கல்லயும் அதே கதைதான். குறைஞ்ச தூரம் ஓடுற மெமு, பாசஞ்சர்ல பெட்டிக்குப் பெட்டி மாறும், அதனால ஸ்டேஷன்லயே போயிட்டு ஏறிடறது நல்லது. எக்ஸ்பிரஸ், மெயில், சூப்பர்ஃபாஸ்ட்னா கவலை இல்ல, பெட்டிக்கு பொதுவா நாலு இருக்கும், இந்தக் கோடில ரெண்டு அந்தக் கோடில ரெண்டு.

இது கூட சும்மா வந்ததில்லைங்க. 1909ல ஓகில் சந்திர சென்னு ஒருத்தர், பலாப்பழம் சாப்பிட்டு வயிறு உப்பிப் போய் அகமத்பூர் ஸ்டேஷன்ல இறங்கி ஒதுங்கப் போயிருக்காரு, அதுக்குள்ள கார்டு விசில் ஊதிட்டாரு, மனுஷன் ஒரு கைல சொம்பு இன்னொரு கைல வேட்டியோட ஓடி பிளாட்பாரத்துல அத்தனை பேர் முன்னாடியும் விழுந்து மானம் போய், சாகிப்கஞ்ச் டிவிஷன் ஆபீசுக்கு ஒரு லெட்டர் எழுதினாரு. அந்த லெட்டர் டெல்லி ரயில் மியூசியத்துல இருக்கு. சாதாரண வகுப்புப் பெட்டிகள்ல டாய்லெட் வந்ததுக்கு அந்த லெட்டர்தான் காரணம்னு சொல்வாங்க. இங்கிலீஷ் தப்பும் தவறுமா இருந்தாலும் கோபம் அப்படியே இருக்கும் அதுல.

டிக்கெட் போடறப்பவே யோசிங்க

டாய்லெட் பக்கத்து பெர்த் கிடைச்சா ராத்திரி பூரா கதவு சத்தம், லைட் வெளிச்சம், கொஞ்சம் வாடை, இது மூணும் இலவசம். ஸ்லீப்பர்ல 1லேர்ந்து 8 வரைக்கும் ஒரு கோடி, இன்னொரு கோடி ஐசிஎஃப்னு சொல்ற பழைய மாடல் பெட்டின்னா 65–72, எல்எச்பின்னு சொல்ற புது மாடல் பெட்டின்னா 73–80. நடுப்பெட்டி வேணும்னா 30, 40 நம்பர் பக்கம். ஆனா புக் பண்றப்ப இந்த நம்பர்தான் வேணும்னு கேக்க முடியாது, லோயர், அப்பர்னு விருப்பம் மட்டும்தான் சொல்லலாம், மீதி சிஸ்டம் பாத்துக்கும். கூட வயசானவங்க வந்தா நடுப்பெட்டியை விட ரெண்டாவது மூணாவது வரிசைதான் சௌகரியம், சத்தம் கம்மி, நடையும் கம்மி. 60 வயசு தாண்டின ஆம்பளைங்க, 45 தாண்டின பொம்பளைங்களுக்கு இடம் இருந்தா சிஸ்டமே லோயர் கொடுக்கும், அதனால வயசை சரியா போடுங்க. அம்மாவுக்கு அஞ்சு வயசு குறைச்சுப் போட்டு அப்பர் பெர்த் வாங்கின ஆளை எனக்குத் தெரியும்.

ஒரு சின்ன பை

பெரிய பெட்டிக்குள்ள எல்லாத்தையும் வெச்சுட்டு ராத்திரி ரெண்டு மணிக்கு சீட்டுக்கு அடியில தேடாதீங்க. தனியா ஒரு சின்ன துணிப்பை, கொக்கில மாட்டற மாதிரி காது இருக்கணும். அதுல பேப்பர் சோப்பு இல்லன்னா சின்ன டப்பால லிக்விட் சோப்பு, கொஞ்சம் டிஷ்யூ, ஒரு காலி அரை லிட்டர் பாட்டில், பழைய நியூஸ்பேப்பர் ரெண்டு ஷீட், ரெண்டு கேரி பேக். சானிடைசர் இருந்தா நல்லது, ஆனா சோப்புக்கு அது ஈடு ஆகாது.

அந்தக் காலி பாட்டில் எதுக்குன்னு கேப்பீங்க. உள்ள ஒரு ஸ்டீல் மக் சங்கிலி போட்டுக் கட்டியிருக்கும், அந்தச் சங்கிலியோ குழாய்லேர்ந்து தேவையான இடத்துக்கு எட்டாது, அது மேல எத்தனை கை பட்டிருக்கும்னு யோசிச்சா தொடவே மனசு வராது. பாட்டில்ல புடிச்சுக்கிட்டா வேலை முடிஞ்சுது. சில ஏசி பெட்டில ஹெல்த் ஃபாசெட், அதாவது கையில புடிச்சு தண்ணி அடிக்கற குழாய் இருக்கு, எல்லாத்துலயும் இருக்கும்னு நம்பிப் போகாதீங்க.

அப்புறம் செருப்பு. தரையில வழுக்காத ரப்பர் செருப்பு போட்டுக்கோங்க, ஷூ வேண்டாம், சாக்ஸ் மட்டும் போட்டுக்கிட்டு போற ஆளுங்களை ஏசில பாத்திருக்கேன், அவங்க தைரியத்துக்கு ஒரு கும்பிடு. பேண்ட் போட்டவங்க கீழ மடிச்சு விட்டுட்டுப் போங்க, சுடிதார்னா துப்பட்டாவை சீட்லயே வெச்சுட்டுப் போயிடுங்க. செல்போனும் சீட்டுல நம்பிக்கையான ஆள்கிட்ட. சட்டை மேல் பாக்கெட்ல வெச்சுட்டு குனிஞ்சா என்ன ஆகும்னு நான் சொல்லத் தேவையில்ல, அப்படிப் போன போனுக்காக செயினை இழுக்கவும் கூடாது, தகுந்த காரணம் இல்லாம இழுத்தா ரயில்வே சட்டம் 141வது பிரிவுல ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில் இல்லன்னா 1000 ரூபா வரைக்கும் ஃபைன், ரெண்டும் கூட போடலாம்.

ஏறினதும் ஒரு ரவுண்டு

இதை நிறைய பேர் பண்றதில்ல, ஆனா பாதி பிரச்சினை இதுலயே தீரும். சாமான் வெச்சுட்டு, ரயில் கிளம்பின கையோட, அவசரம் இல்லாதப்பவே போய் நாலையும் திறந்து பாருங்க. எது இந்தியன் எது வெஸ்டர்ன், எதுல தண்ணி வருது, எதுல தாழ்ப்பாள் சரியா விழுது, எதுல கொக்கி இருக்கு. கதவுலயே படமோ எழுத்தோ போட்டிருக்கும். இதுல நல்லதா ஒண்ணு மனசுல குறிச்சு வெச்சுக்கோங்க. பொதுவா இந்தியன் டாய்லெட்தான் சுத்தமா உபயோகிக்க சுலபம், எதையும் உடம்பு தொட வேண்டாம், முட்டி வலிக்காரங்களுக்கு மட்டும் வெஸ்டர்ன். வெஸ்டர்ன் மேல ஏறி குந்துற பழக்கம் இருந்தா தயவுசெஞ்சு ஓடுற ரயில்ல அதைப் பண்ணாதீங்க, ஈரத்துல வழுக்கும், பெட்டி ஆடும், விழுந்தா அடி பலமா இருக்கும்.

நேரம்தான் எல்லாமே. காலைல ஆறுலேர்ந்து எட்டு வரைக்கும் பெட்டில இருக்கற எழுபது எண்பது பேரும் ஒரே நேரத்துல எழுந்து டூத் பிரஷ்ஷோட வரிசைல நிப்பாங்க. உங்களால முடிஞ்சா அஞ்சு மணிக்கு முன்னாடி முடிச்சிட்டு வந்து திரும்பப் படுத்துக்கோங்க. நான் நாலரைக்கு அலாரம் வெச்சுப்பேன், வைப்ரேஷன்ல, சத்தம் வெச்சா எதிர் பெர்த் மாமா முறைப்பாரு. அந்த நேரத்துல தண்ணியும் இருக்கும், தரையும் ஓரளவு காஞ்சிருக்கும்.

தண்ணி விஷயம் இப்படி. ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனி தொட்டி, அது வழில பெரிய ஸ்டேஷன்ல நிக்கறப்ப ரப்பர் ஹோஸ் வெச்சு ரொப்புவாங்க. விஜயவாடா, நாக்பூர் மாதிரி ஜங்ஷன்ல வண்டி பத்து நிமிஷம் நிக்குதுன்னா ரெண்டு தண்டவாளத்துக்கு நடுவுல அந்தக் குழாயெல்லாம் தெரியும், ஜன்னல் வழியா பாருங்க. அதனால பெரிய ஜங்ஷன் தாண்டினதும் போறது புத்திசாலித்தனம், ஜங்ஷன் வர்றதுக்கு அரை மணி நேரம் முன்னாடி போனா குழாய்ல காத்துதான் வரும். சில ஸ்டேஷன்கள்ல வண்டி நிக்கற நேரத்துலயே ஆளுங்க ஏறி மெஷின் வெச்சு டாய்லெட்டைக் கழுவி விடுவாங்க, அவங்க இறங்கினதும் முதல் ஆளா நீங்க போங்க.

உள்ள போனதும்

கதவுல பெரும்பாலும் ரெண்டு பூட்டு இருக்கும், சைடுல தள்ளற தாழ்ப்பாள் ஒண்ணு, மேலேர்ந்து கவுத்து விடற கொண்டி ஒண்ணு. ரெண்டையும் போடுங்க, போட்டுட்டு ஒரு தடவை இழுத்துப் பாருங்க. ஒண்ணு மட்டும் போட்டா வண்டி வளைவுல சாயறப்ப தானா திறந்துக்கும், வெளில வாஷ் பேசின்ல முகம் கழுவிட்டு இருக்கறவரு திரும்பிப் பாப்பாரு, இது எனக்கே நடந்ததுதான்.

பையைக் கொக்கில மாட்டுங்க, தரையில எதையும் வைக்காதீங்க. முதல்லயே குழாயைத் திறந்து தண்ணி வருதான்னு பாத்துக்கோங்க, இந்த ஒரு நொடி வேலையை மறந்தவங்கதான் உள்ளேர்ந்து போன் பண்ணி தண்ணி பாட்டில் கேப்பாங்க. குழாய் வீட்டுக் குழாய் மாதிரி திருகறது இல்ல, நிறைய பெட்டில அமுக்கிப் புடிச்சாதான் வரும், கையை எடுத்தா நின்னுடும், சிலதுல கீழ நீட்டிக்கிட்டு இருக்கற குச்சியை மேல தள்ளணும். ஒரு கை அதுக்கே போயிடும். இன்னொரு கை சுவத்துல இருக்கற கம்பிக்கு. அந்தக் கம்பியைப் புடிக்க அருவருப்பா இருந்தா டிஷ்யூ சுத்திப் புடிங்க, ஆனா புடிக்காம இருக்காதீங்க, வண்டி பாயிண்ட் மாறுற இடத்துல, அதாவது ஸ்டேஷனுக்குள்ள நுழையறப்பவும் கிளம்பறப்பவும் தடக் தடக்னு சைடுல தூக்கிப் போடும். உக்காரவும் எழுந்திருக்கவும் நேரான பாதையில ஓடுற நேரமா பாத்துக்கோங்க.

முடிஞ்சதும் ஃபிளஷ். பட்டன் இருந்தா அமுக்குங்க, வேலை செய்யலன்னா பாட்டில்ல நாலு தடவை ரொப்பி வேகமா ஊத்துங்க. அடுத்து வர்றவங்களுக்காகன்னு நினைக்க வேண்டாம், அஞ்சு மணி நேரம் கழிச்சு அந்த அடுத்த ஆளே நீங்கதான்.

கீழ இருக்கறது தண்டவாளம் இல்ல, தொட்டி

இதைக் கொஞ்சம் நிறுத்தி சொல்லணும், ஏன்னா நம்ம அப்பா அம்மா காலத்துப் பழக்கம் இன்னும் போகல. அப்பெல்லாம் ஓட்டை வழியா பாத்தா சல்லியும் ஸ்லீப்பர் கட்டையும் ஓடறது தெரியும், எல்லாம் நேரா தண்டவாளத்துல விழும், அதனாலதான் ஸ்டேஷன்ல நிக்கறப்ப உபயோகிக்காதீங்கன்னு போர்டு போட்டிருப்பாங்க. தண்டவாளமும் அதைப் புடிச்சுக்கிட்டு இருக்கற கிளிப்பும் அதுல துருப் புடிச்சு அரிச்சது ஒரு பக்கம், அதைக் கையால அள்ளிச் சுத்தம் பண்ண வேண்டியிருந்த மனுஷங்க நிலைமை இன்னொரு பக்கம். மனுஷன் கையால மலம் அள்ளற வேலைக்குத் தடை போட்ட 2013 சட்டம் வந்தப்பவும் ரயில் பாதையில அது ஓயாம இருந்துச்சு, அதை நினைச்சாதான் இந்த மாற்றம் எவ்வளவு பெருசுன்னு புரியும்.

இப்ப பெட்டிக்கு அடியில ஸ்டீல் தொட்டி. பயோ டாய்லெட்னு சொல்றது இதைத்தான். டிஆர்டிஓன்னு சொல்ற ராணுவ ஆராய்ச்சி அமைப்பு சியாச்சின் மாதிரி பனிப்பகுதில இருக்கற ராணுவத்துக்காக உருவாக்கின முறையை ரயில்வேயோட சேர்ந்து பெட்டிக்கு ஏத்த மாதிரி மாத்தினாங்க. தொட்டிக்குள்ள அறை அறையா தடுப்பு இருக்கும், காத்து இல்லாம வாழற பாக்டீரியா அதுல இருக்கும், அது கழிவைத் தின்னு தண்ணியாவும் வாயுவாவும் மாத்திடும், வாயு வெளில போயிடும், தண்ணி குளோரின் பட்டு கீழ சொட்டும். நம்ம மானாமதுரை – ராமேஸ்வரம் பாதை, 114 கிலோமீட்டர், 2016ல நாட்டோட முதல் பசுமை ரயில் பாதைன்னு அறிவிச்சாங்க, அதாவது அந்தப் பாதையில ஓடுற எந்தப் பெட்டிலேர்ந்தும் மலம் தண்டவாளத்துல விழாது. இப்ப நாடு முழுக்க ரெண்டரை லட்சத்துக்கு மேல இந்த டாய்லெட் மாட்டியாச்சு.

ஆனா பாக்டீரியாவுக்கு பிளாஸ்டிக் தின்னத் தெரியாது. பாட்டில், டயப்பர், நாப்கின், குட்கா பாக்கெட், டீ கப், துணி, இதுல எது போட்டாலும் வாய்லயே அடைச்சுக்கும், மேல தண்ணி நிக்கும், ரயில் ஆடறப்ப அது வெளில தளும்பும், நாலு டாய்லெட்ல ஒண்ணு அவ்வளவுதான். 2017ல வந்த சிஏஜி, அதாவது மத்திய அரசு தணிக்கைத் துறை ரிப்போர்ட்லயே இந்த அடைப்பு பத்தி எழுதியிருந்தாங்க. ஜனங்க ரயில்வேயைத் திட்டறாங்க, திட்ட வேண்டிய விஷயம் நிறைய இருக்குதான், ஆனா ஒரு லிட்டர் பாட்டிலை ஓட்டைக்குள்ள திணிச்சுட்டுப் போறது ரயில்வே இல்ல. குப்பைத்தொட்டி வாஷ் பேசினுக்கு அடியிலயோ பக்கத்துலயோ இருக்கும். டிஷ்யூவும் அங்கதான். நாப்கினை நியூஸ்பேப்பர்ல சுத்தி கேரி பேக்ல போட்டு அதுல போடுங்க, தொட்டி ரொம்பி வழிஞ்சா முடிச்சுப் போட்டு வெச்சிருந்து அடுத்த ஸ்டேஷன் தொட்டில போடுங்க.

வந்தே பாரத்லயும் இப்ப வர்ற நிறைய புது பெட்டிகள்லயும் விமானத்துல இருக்கற மாதிரி வேக்குவம் முறை. பட்டன் அமுக்கினா ஒரு நொடி ஒண்ணும் ஆகாது, அப்புறம் பெரிய சத்தத்தோட உறிஞ்சும், சின்னப் பசங்க பயந்து கத்துவாங்க, முன்னாடியே சொல்லி வைங்க. உள்ள போய் சிகரெட் புடிக்கற ஆளுங்களுக்கும் ஒண்ணு சொல்லணும், ரயில்ல எங்கயும் புகைக்கக் கூடாது, வந்தே பாரத் டாய்லெட்ல புகை சென்சார் இருக்கு, அது கண்டுபுடிச்சா அலாரம் அடிச்சு வண்டியே நிக்கும், மொத்தப் பெட்டியும் உங்களைப் பாக்கும்.

நாறுது, தண்ணி இல்ல, என்ன பண்ணலாம்

முதல்ல அடுத்த பெட்டிக்குப் போய்ப் பாருங்க, நடுவுல வழி இருக்கும், உங்க பெட்டி டாய்லெட்தான் உங்களுக்குன்னு சட்டம் ஒண்ணும் இல்ல. ஆனா ராத்திரில ஏசி பெட்டிக்கும் ஸ்லீப்பருக்கும் நடுவுல இருக்கற ஷட்டரை சில நேரம் பூட்டிடுவாங்க.

அடுத்து, 139க்கு போன் பண்ணுங்க இல்லன்னா ரயில்மதத் ஆப்ல போடுங்க. டிக்கெட்ல இருக்கற பிஎன்ஆர் நம்பர் கொடுங்க, பெட்டி நம்பரைச் சொல்லுங்க, வெறுமனே “டாய்லெட் மோசம்”னு எழுதாம “எஸ்4, 72ம் நம்பர் பக்கம், இந்தியன் டாய்லெட் அடைச்சிருக்கு”ன்னு எழுதி ஒரு போட்டோவும் போடுங்க. தூர ரயில்கள்ல ஓபிஎச்எஸ்னு சொல்ற துப்புரவு ஆளுங்க கூடவே வருவாங்க, புகார் அவங்களுக்குப் போகும், சில நேரம் இருபது நிமிஷத்துல பக்கெட்டோட வந்து நிப்பாங்க, சில நேரம் அடுத்த பெரிய ஸ்டேஷன்ல. ஒரு தடவை எனக்கு ஆளே வராம புகார் முடிஞ்சுதுன்னு மெசேஜ் மட்டும் வந்துச்சு, திரும்பப் போட்டேன், அப்புறம் வந்தாங்க. வந்தவரு ஒரு சின்னப் பையன், கையுறை கூட ஒண்ணுதான் போட்டிருந்தான், இன்னொண்ணு கிழிஞ்சு போச்சாம். அவன்கிட்ட கத்தாதீங்க.

ஜெனரல் பெட்டி கதை வேற. தீபாவளி, பொங்கல் சமயத்துல டாய்லெட் வாசல்லயே ஆளுங்க உக்காந்திருப்பாங்க, உள்ளயே மூட்டை வெச்சிருப்பாங்க. அதுல போறவங்க ஏறுறதுக்கு முன்னாடி ஸ்டேஷன்ல கட்டணக் கழிப்பிடத்துல முடிச்சுக்கோங்க, உள்ள போகணும்னா பத்து நிமிஷம் முன்னாடியே கிளம்புங்க, “அண்ணே கொஞ்சம் வழி விடுங்க, அவசரம்”னு சொன்னா யாரும் மறுக்க மாட்டாங்க, அந்த விஷயத்துல ஜெனரல் பெட்டி ஜனங்க தங்கம். வழில வண்டி நிக்குதேன்னு இறங்கி பிளாட்பார டாய்லெட்டுக்கு ஓடறது மட்டும் வேண்டாம், ரெண்டு நிமிஷ ஸ்டாப்ல ஓகில் பாபு கதிதான் ஆகும்.

வயசானவங்க, சக்கரை வியாதிக்காரங்க ராத்திரில ரெண்டு மூணு தடவை எழுந்திருப்பாங்க. தனியா விடாதீங்க, கூடப் போய் வெளில நில்லுங்க, கதவைத் தாழ் போடாம சும்மா சாத்திக்கச் சொல்லுங்க, நீங்க வெளில புடிச்சுக்கோங்க. அந்த இடத்துல பெட்டியோட வெளிக்கதவும் பக்கத்துலயே இருக்கும், சில சமயம் அது திறந்தே கிடக்கும், தூக்கக் கலக்கத்துல இந்தக் கதவுன்னு நினைச்சு அந்தப் பக்கம் போயிட்டா அவ்வளவுதான், அதனால போறப்பவே அதை இழுத்து சாத்திடுங்க. சக்கர நாற்காலில வர்றவங்களுக்கு நிறைய ரயில்ல கார்டு இருக்கற பெட்டியோட சேர்ந்த மாற்றுத்திறனாளி பகுதி இருக்கு, அங்க கதவும் டாய்லெட்டும் அகலமா இருக்கும், டிக்கெட் போடறப்பவே அதைப் பத்திக் கேட்டுக்கோங்க. தனியா போற பெண்கள் ராத்திரில எழுந்தா பக்கத்து பெர்த் அக்காகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க, அவங்களும் வர்றேன்னு எழுந்து வந்துடுவாங்க பாதி நேரம், அவங்களும் யாராவது துணை வருவாங்களான்னுதான் படுத்துக்கிட்டு இருந்திருப்பாங்க.

தண்ணி குடிக்காம இருக்கற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். ஏறினதும் ஒரே மூச்சுல ஒரு லிட்டர் குடிக்காம கொஞ்சம் கொஞ்சமா குடிங்க, டீ காபியைக் குறைச்சுக்கோங்க, ராத்திரி சாப்பாடு காரம் எண்ணெய் இல்லாம தயிர்சாதம், இட்லி மாதிரி எடுத்துக்கோங்க. பிளாட்பாரத்துல சூடா கூப்பிடற பஜ்ஜியைப் பாத்து ஆசைப்பட்டா அதுக்கான கணக்கை விடியக்காலம் வரிசைல நின்னு கொடுக்கணும்.

இறங்கறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி கடைசியா ஒரு தடவை போயிடுங்க. அதுக்கப்புறம் வாசல் பூரா பெட்டியும் படுக்கையுமா அடுக்கிடுவாங்க, உள்ள போனாலும் வெளில வர முடியாது. அப்படியும் முடியலன்னா விடுங்க, பெரிய ஸ்டேஷன்ல வெயிட்டிங் ஹால்ல டிக்கெட்டைக் காமிச்சா உள்ள விடுவாங்க, அங்க தரை ஆடாது. ரயில்ல போட்ட அந்த ரப்பர் செருப்பை மீதி இருக்கற கேரி பேக்ல தனியா சுத்தி வெச்சுட்டு வேற செருப்பு மாட்டிக்கிட்டு இறங்குங்க, சொந்தக்காரங்க வீட்டு வாசல்ல கழட்டறப்ப நிம்மதியா இருக்கும்.